வெள்ளிக்கிழமை முள்

அந்த அக்காவின் காலில் எப்போது பார்த்தாலும் முள் தைக்கும். மற்ற நாட்களில் எப்படியோ தெரியாது, வெள்ளிக்கிழமை மத்தியானம் கூனிப்பொத்தை ஏறும்போது மட்டும் தவறாமல் தைக்கும். "நில்லுங்க டீச்சரே, எனக்க காலில முள்ளு தச்சிட்டு" என்று ஒரு பாறையில் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் வைத்துக்கொண்டு உள்ளங்காலை ஆராய ஆரம்பித்துவிடுவாள். பின்னால் வருகிற நாங்களெல்லாம் இதுதான் சாக்கென்று நின்று மூச்சு வாங்குவோம். காலமெல்லாம் ரப்பர்க்காட்டில் வெறுங்காலோடு நடந்த பொம்பளைக்கு இவ்வளவு மெத்தென்ற பாதமா என்று நான் மனசுக்குள் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. மலையேறும்போது யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது எஸ்டேட் பெண்களின் சட்டம். கூப்பிட்டால் மலை அந்தப் பேரைப் படித்து வைத்துக்கொண்டு, தனியாக வரும்போது திருப்பிக் கூப்பிடுமாம். பிள்ளைகளுக்கு எதிரொலி என்றால் என்னவென்று பாடம் நடத்துகிறவள் நான், இதையெல்லாம் நம்பலாமா. நம்பவில்லைதான், ஆனால் மீறவும் துணியவில்லை. அதனால் எனக்கு அவள் அக்கா, அவளுக்கு நான் டீச்சர். கடைசிவரை அப்படியே இருந்துவிட்டது.

நான் இனயத்துக்காரி, கடற்கரை ஊர். எங்கள் ஊரில் ஏறுவது என்றால் கோயில் மணிக்கூண்டுப் படி ஏறுவதுதான். கல்யாணமான நாலாம் மாசம் என் வீட்டுக்காரர் சவூதிக்குப் போனார், எனக்கு அதே வாரம் கீரிப்பாறைக்கும் மேலே ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலைக்கு உத்தரவு வந்தது. இரண்டு வாத்தியார், முப்பது பிள்ளைகள், ஒரு நாளைக்கு மூன்று பஸ். எல்லாம் சரி, போனில் ரேஞ்ச் கிடையாது. முதல் வாரம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து, ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடிந்து வந்துகொண்டிருந்த ஒருத்தி நின்றாள். நாற்பது வயசிருக்கும், ஒட்டிய உடம்பு, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கையில் பால் உறைந்த வாளி.

"டீச்சரே, இங்க கிடந்து சுத்தினா கிடைக்காது. வெள்ளிக்கிழமை எங்ககூட வாங்க. கிழவி தலையில ஏறினா துபாய், சவூதி எல்லாம் கேக்கும்."

கிழவி என்றது கூனிப்பொத்தையை. எங்கள் பக்கத்தில் குன்றைத்தான் பொத்தை என்போம். இது குன்றில்லை, நல்ல செங்குத்தான மலை, பேர் மட்டும் பொத்தை. எஸ்டேட்டிலிருந்து பார்த்தால் கூன் விழுந்த ஒரு கிழவி கிழக்கே திரும்பி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். அவள் இடுப்புவரைக்கும் ரப்பர் மரம். அதற்கு மேல் மூங்கில் மாதிரி மெல்லிசாக அடர்ந்து நிற்கும் ஈற்றைக்காடு, அதற்கும் மேல் புல், பிறகு வெறும் பாறை. கூனுக்கும் தலைக்கும் நடுவில் ஒரு பள்ளம், அது கழுத்து. அதைத் தாண்டினால் உச்சந்தலை. கிழவியின் முகம் இருக்கிற கிழக்குப் பக்கம் ஒரே அறுப்பாக நாஞ்சில்நாட்டு வயல்வெளிவரை இறங்கிவிடும். அந்தப் பக்கமாக யாரும் ஏறியதில்லை, தேனெடுக்கிற காணிக்காரர்கள் மேலிருந்து கொடி கட்டிக் கொஞ்சம் இறங்குவார்கள் என்று கேள்வி. போன் டவர்கள் எல்லாம் அந்த வயல்வெளியில்தான் நின்றன. மேற்குப் பள்ளத்தில் கிடந்த எங்களுக்கும் டவருக்கும் நடுவே கிழவி உட்கார்ந்துகொண்டால் ரேஞ்ச் எப்படி வரும். கழுத்துக்கு ஏறினால் ஒரு பாயிண்ட் வரும், போகும். உச்சந்தலையில் நின்றால் முழுசாக வரும்.

மேற்கிலிருந்து ஏற இரண்டு வழி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தொடங்கி முக்கால் மணி நேரம் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரே பாதைதான், இரட்டை மருதமரம் நிற்கிற இடத்தில் பிரியும். இடதுபக்கம் ஓடைவழி. ஓடையை மூன்று இடத்தில் தாண்டி, ஈற்றைக்காட்டுக்குள் அட்டைக்கடி வாங்கி, கூனை வடக்காகச் சுற்றிக்கொண்டு கழுத்துக்குப் பின்னால் போய் ஏறும். பயமில்லை, ஆனால் அடிவாரத்திலிருந்து மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வலதுபக்கம் பாறைவழி. ஒன்றேகால் மணியில் கழுத்துக்குப் போய்விடலாம், நடுவில் அந்த வழுக்குப்பாறை மட்டும் இல்லாதிருந்தால் நானும் ஆடிப்பாடிப் போயிருப்பேன். மூன்று தென்னை உயரத்துக்குச் சாய்வாகக் கிடக்கும் பாறை. அதன் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடும். வெடிப்பில் கால்விரலை நுழைத்து, உடம்பைப் பாறையோடு ஒட்டிவைத்து, ஒவ்வொரு அடியாக நகர வேண்டும். மேலே ஒரு அத்திமரத்து வேர் தொங்கும். அதைப் பிடித்துவிட்டால் பிழைத்தோம்.

வெள்ளிக்கிழமை வளைகுடாவில் லீவு. அங்கே தொழுகை முடிந்து, ரூமில் சமைத்துச் சாப்பிட்டு, ஆண்பிள்ளைகள் போனை எடுக்கும்போது நமக்கு நாலு மணி ஆகும். வெட்டுக்குப் போகிற பெண்களுக்கு மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். எனக்கும் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வகுப்பு கிடையாது, பாட்டும் விளையாட்டும் ஹெட்மாஸ்டர் பார்த்துக்கொள்வார். இரண்டரைக்குப் புறப்படுவோம். ஏழெட்டுப் பேர். குளித்து, பவுடர் போட்டு, சிலர் பூவும் வைத்துக்கொண்டு. போனில் முகம் தெரியாத காலம் அது. இருந்தும் அந்தப் பவுடரை யாரும் கேலி செய்ததில்லை.

முதல் நாள் வழுக்குப்பாறையின் பாதியில் என் கால் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. முழங்கால் தனியாக ஆடுகிறது. கீழே பார்த்தேன், எஸ்டேட் தகரக்கூரைகள் சீட்டுக்கட்டு மாதிரி கிடந்தன. வாய்விட்டு அழுதுவிடுவேன் என்று தோன்றிய நேரத்தில், எனக்கு இரண்டடி முன்னால் போன அக்கா சொன்னாள்.

"எல்லாரும் நில்லுங்க பிள்ளைகளே. எனக்க காலில முள்ளு."

"ஏட்டி, பாறையில எங்கயிருந்துடீ முள்ளு வந்தது?" என்று மேலேயிருந்து செல்லம்மை கேட்டாள். செல்லம்மை அக்காவோடு ஒரே பிளாக்கில் வெட்டுகிறவள், வாய்த்துடுக்கு.

"கீழயே தச்சிட்டு. இப்பதான் நோவுது." சொல்லிவிட்டு வெடிப்பிலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு கையால் காலைத் தடவினாள், மற்ற கை என் தோளுக்குப் பின்னால் பாறையில் ஊன்றி நின்றது. "மலை எங்கயும் போவாது டீச்சரே. பைய வாங்க." என் முழங்கால் ஆட்டம் நின்ற பிறகுதான் அவள் காலிலிருந்து முள் வெளியே வந்தது.

அவள் முன்னால் நடந்தாலும், கடைசியில் வருகிறவளின் மூச்சுச் சத்தம் அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒருத்திக்கு முடியவில்லை என்றால், அவள் முடியவில்லை என்று சொல்லிக் குறுகிப்போவதற்கு முன்னால் இவள் காலில் முள் தைத்துவிடும். இது எனக்கு ஒரு வருஷம் கழித்து ஓடையில் கால் கழுவும்போதுதான் புரிந்தது. அவள் உள்ளங்காலைப் பார்த்தேன். பஸ் டயர் மாதிரி காய்த்துக் கிடந்தது. அதில் முள் தைத்தால் முள்தான் ஒடியும். நான் பார்ப்பதைப் பார்த்து, காலைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் போல வேறு பக்கம் திரும்பினாள்.

போன் விஷயத்திலும் அவள் இப்படித்தான். புதுசாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் எங்களோடு ஏற ஆரம்பித்தாள். இரண்டு வாரம் அவளுக்கு அழைப்பே வரவில்லை. மற்ற எல்லோரும் ஆளுக்கொரு பாறைக்குப் பின்னால் போய்ச் சிரித்துக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை மட்டும் போனை மடியில் வைத்துக்கொண்டு கடல் தெரிகிற திசையைப் பார்த்தபடி இருந்தது. அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்க ஆளும் விளிக்கல்ல பாரு மக்களே. இந்த ஆம்பிளையள நம்பி மலையேறினோமே, நம்மள சொல்லணும்." புதுப்பெண் சிரித்துவிட்டது. அக்கா பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரரோடு பேசி முடித்ததை நான் பார்த்தேன். பேசி முடித்த கையோடு போனை அணைத்து இடுப்பில் செருகியதையும் பார்த்தேன்.

ஒருதடவை மூன்றாம் வகுப்புக்குத் திசைகள் நடத்த கூனிப்பொத்தையைக் கரும்பலகையில் வரைந்தேன். பிள்ளைகள் விடவில்லை. கழுத்தில் ஒரு பாயிண்ட் போடுங்க, உச்சந்தலையில் நாலு போடுங்க, இது அப்பா விளிக்கிற பாறை என்றார்கள். அக்காவின் மகள் எழுந்து, "இந்த இடத்துல எங்க அம்மைக்கு முள்ளு தைக்கும் டீச்சர்" என்று வழுக்குப்பாறையின் நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். நான் அதை அழிக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

அவள் வீட்டுக்காரர் கத்தாரில் இருந்தார். பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், மெலிந்த மனுஷன், சத்தமில்லாமல் சிரிப்பார். அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அக்காவுக்கு அந்த முள், சாக்கு, சாமர்த்தியம் ஒன்றும் இருக்காது. "அவிய ஒரு வார்த்தை சொல்லி வச்சா எனக்கு ஏழு நாளைக்குக் காணும் டீச்சரே" என்பாள். கண் கலங்கும். துடைக்கவும் மாட்டாள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப் போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன்.

அது ஐப்பசி. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. நான் சொல்லப்போகிற வெள்ளிக்கிழமைக்கு முந்தின தடவை வழுக்குப்பாறையில் இறங்கும்போது எனக்குச் சறுக்கிவிட்டது. ஒரு ஆள் உயரம் உராய்ந்து வந்து, அக்காவின் தோளில் மோதி நின்றேன். முழங்கை தோலுரிந்தது, வேறொன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பாறையை நினைத்தாலே உள்ளங்கை வியர்த்தது. வெளியே சொல்ல வெட்கம். அத்தனை பெண்கள் ஏறுகிறார்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறவள்கூட ஏறுகிறாள், டீச்சர் பயந்தாள் என்று ஆகிவிடக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை மற்றவர்கள் எல்லோரும் கீரிப்பாறையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார்கள். அக்காவும் போக வேண்டியவள்தான், போகவில்லை. அவள் வீட்டுக்காரர் முந்தின வாரமே சொல்லி வைத்திருந்தாராம், அடுத்த வெள்ளி நாலு மணிக்குச் சரியாக விளிப்பேன், அன்றைக்கு லீவில்லை, நாலரைக்கு வேலைக்கு ஏறிவிடுவேன், ஒரு காரியம் சொல்லணும் என்று. "என்ன காரியம்னு கேட்டா சிரிக்காவ. மூணு வாரம் மனசுக்குள்ள வச்சிருந்து நல்லதுன்னு தெரிஞ்சபிறகு சொல்லுத ஆளு அது" என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் தலையில் பிச்சிப்பூ இருந்தது.

மருதமரத்தடிக்கு வந்தபோது மணி மூன்றேகால். பாறைவழியின் வாயிலில் ஒரு ஆனைப்பிண்டம் கிடந்தது. நான் நின்றேன்.

"அக்கா, ஆனை மேல ஏறியிருக்கு போல."

"எங்க?"

"இதோ. புதுசாட்டு தெரியுது. கொஞ்சம் முன்னாலகூட கிளை ஒடியுற சத்தம் கேட்டேன்."

சத்தம் எதுவும் கேட்கவில்லை. பிண்டம் புதுசும் இல்லை. அதன் ஓரத்தில் வெள்ளையாகக் குட்டிக்குட்டிக் காளான் முளைத்திருந்ததை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அக்கா குனிந்தாள். ஒரு குச்சியால் அதைக் கிளறினாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பாறைவழி மேலே போவதையும் ஒருதடவை பார்த்தாள்.

"ஆமா டீச்சரே. ஓடைவழியாட்டே போவோம்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. வேகமாக நடந்தால் நாலரைக்கு முன்னால் கழுத்துக்குப் போய்விடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா நடந்த நடை அதுவரை நான் பார்க்காதது. ஈற்றையைக் கையால் விலக்கிக்கொண்டு, பூ விழுந்ததையும் கவனிக்காமல் போனாள். நான் ஓடிப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டாவது ஓடைத் தாண்டலில் விலாவில் பிடித்துக்கொண்டது. மூச்சு இழுக்கிற சத்தம் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

அவள் நின்றாள். அவள் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு திரும்பி, ஒரு கல்லில் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் வைத்தாள்.

"முள்ளு தச்சிட்டு டீச்சரே. இம்புடு இருங்க."

அவள் காலில் முள் இல்லை என்பது எனக்குத் தெரியும். நேரம் போகிறது என்பதும் தெரியும். நீங்க போங்கக்கா, நான் பின்னால வாறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காட்டில் தனியாக நிற்கப் பயந்து நானும் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் இருக்கும். அந்த ஐந்து நிமிஷத்திலிருந்து நான் இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

கழுத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். போனில் ஒரு பாயிண்ட் எட்டிப் பார்த்ததும் போன் கம்பெனிக்காரனின் மெசேஜ் வந்து விழுந்தது. அக்காவுக்கு இங்கிலீஷ் வராது, நான்தான் வாசித்தேன். மூன்று அழைப்பு வந்திருந்தது. கடைசி அழைப்பு நாலு இருபத்தெட்டுக்கு.

"மூணு தடவை விளிச்சிருக்காவ" என்றாள். உச்சந்தலைக்கு ஓடினாள். மிஸ்டு கால் கொடுத்தாள், அவர் திரும்ப விளிக்கவில்லை. மறுபடி கொடுத்தாள். அதற்குள் எனக்கு சவூதியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. நான் என்ன செய்தேன் என்றால், ஒரு பாறைக்குப் பின்னால் போய்ப் பத்து நிமிஷம் பேசினேன். சிரித்தும் பேசினேன்.

இறங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவளே சொன்னாள், "கிடக்கட்டும். அடுத்த வெள்ளி பேசிக்கிடலாம். காரியம் எங்கயும் போவாது."

ஞாயிற்றுக்கிழமை காலை எஸ்டேட் ஆபீஸ் போனுக்குச் செய்தி வந்தது. சனிக்கிழமை இரவு வேலை முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலியாக இருக்கும் என்றார்கள். உடல் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

எஸ்டேட் லயத்தில் வரிசையாக நிற்கும் வீடுகளில் அக்காவுடையது கடைசி. நான் போனபோது உள்ளே பாயில் இருந்தாள். சபைப் பெண்கள் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொல்லி அவள் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா" என்றேன். அதற்கு மேல் வாய் திறக்கு முன்னால் அவள் என் கையைப் பிடித்தாள்.

"டீச்சரே, உங்ககிட்ட சொல்லல்ல. நேத்து வெட்டு முடிஞ்ச கையோட பாறைவழி தனியா ஏறினேன். அவிய விளிச்சாவ. அரை மணிக்கூறு பேசினோம்."

நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"கிறிஸ்மஸுக்கு ஒரு மாச லீவில வாறேன்னு சொன்னாவ. அதுதான் காரியம். பிள்ளைக்கு வாட்ச் வாங்கி வச்சிருக்காவளாம். உங்களையும் கேட்டாவ, டீச்சர் பாறை ஏறப் படிச்சாச்சான்னு. எல்லாம் பேசியாச்சு டீச்சரே. ஒண்ணும் மிச்சமில்ல."

நான் அவள் மடியில் விழுந்து அழுதேன். செத்தவருக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி அழுகை எனக்கு விடுதலை கிடைத்ததற்கு. தாலியறுத்தவள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அந்தப் புதுப்பெண்ணிடம் போனை அணைத்து வைத்துப் பொய் சொன்னவள் இவள் என்பது எனக்கு நினைவே வரவில்லை, அல்லது வராமல் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த ஜூனில் எனக்கு மாற்றல் கிடைத்து தேங்காய்ப்பட்டணம் பக்கம் வந்துவிட்டேன். ஒரு வருஷத்துக்குள் எஸ்டேட்டுக்கே டவர் வந்துவிட்டது, யாரும் கூனிப்பொத்தை ஏறுவதில்லை என்று செல்லம்மை போனில் சொன்னாள். என் வீட்டுக்காரர் சவூதியை விட்டு ஊரோடு வந்து இப்போது வீட்டில் இருக்கிறார். அவர் குரல் அடுத்த அறையிலிருந்து கேட்கும்போது சில நாள் நான் கைவேலையை அப்படியே வைத்துவிட்டு நிற்பேன். காரணம் அவரிடம் சொன்னதில்லை.

போன மாசம் என் வகுப்புக்கு ஒரு பிள்ளையைச் சேர்க்க அதன் அப்பா வந்தார். கத்தாரிலிருந்து வந்திருக்கிறார். நான் முன்னால் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன் என்று பேச்சு வந்தது. எஸ்டேட் பேரைச் சொன்னதும், "அங்க உள்ள ஒருத்தர் எனக்க ரூம்ல இருந்தாரு டீச்சர். பாவம், படுத்தவரு எழும்பல்ல" என்றார். மேலும் சொல்லுங்கள் என்றேன்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் பிளாண்டுக்குள்ள போன ஷிப்டு டீச்சர், சனிக்கிழமை ராத்திரிதான் விட்டான். உள்ள போன் கொண்டுபோவ விடமாட்டான், கேட்டுல வாங்கி வச்சிருவான். வந்து குளிச்சிட்டு எங்கிட்ட சொன்னாரு, இன்னும் வீட்டுக்காரிகிட்ட சொல்லல்ல, மூணு தடவை விளிச்சேன், அவ மலையேறி வந்திருக்க மாட்டா, மழையா இருக்கும்னு. கேன்சல் அடிச்சாச்சு டீச்சர் அவரு. விசாவ முடிச்சிட்டு ஒரேயடியா ஊருக்கு வாறதுக்கு எல்லாம் சரி பண்ணிட்டாரு. இனி நீ மலையேற வேண்டாம்னு அவகிட்ட சொல்லணும்னுட்டே கிடந்தாரு."

அந்தப் பிள்ளையின் பேரைப் பதிவேட்டில் எழுதும்போது இரண்டு தடவை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை புறப்பட்டேன். அக்கா இப்போது வேலையை விட்டு, மகளோடு பூதப்பாண்டிப் பக்கம் இருக்கிறாள். வாசலில் நின்று "டீச்சரே" என்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. சாயாவைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, எட்டு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு ஆனை இல்ல. நான் பாறைக்குப் பயந்து பொய் சொன்னேன்."

"பிண்டத்துல காளான் முளைச்சிருந்தது டீச்சரே. எனக்குத் தெரியாதா."

"தெரிஞ்சும் ஏன் வந்திய?"

"உங்க முழங்காலு கிடந்து ஆடிச்சுது. பயந்த ஆளை எப்படி பாறையில ஏத்துதது? தனியா விட்டுட்டும் போவ முடியாதுல்லா."

"சனிக்கிழமை நீங்க அவியகிட்ட பேசவும் இல்ல."

"ஏறினது நெசம்" என்றாள். "வெயில் சாயுதவரை உச்சந்தலையில இருந்தேன். விளிக்கல்ல."

நான் அவர் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். கேன்சல் அடித்தது, ஒரேயடியாக வர இருந்தது, இனி நீ மலையேற வேண்டாம் என்றது. சொல்லும்போது அவள் அழவில்லை. சாயா கிளாஸை வாங்கி உள்ளே கொண்டு வைத்தாள். சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு வந்தாள்.

"வாங்க டீச்சரே. அஞ்சு மணி பஸ்ஸு வாற நேரமாச்சு. ஏத்தி விடுதேன்."

புதுசாகப் போட்ட தார்ரோடு. இரண்டு பேரும் நடந்தோம். தூரத்தில் கூனிப்பொத்தையின் முகம் தெரிந்தது, நாங்கள் ஏறிய காலத்தில் ஒருநாளும் பார்க்காத பக்கம். பத்தடி போயிருப்போம், அக்காவின் நடை மெதுவானது. ரோட்டுக்கடியில் தண்ணீர் போகிற கலுங்கின் சுவரைக் கையால் பிடித்தாள்.

"நில்லுங்க டீச்சரே" என்றாள். "எனக்க காலில முள்ளு தச்சிட்டு."

அவள் காலில் ரப்பர் செருப்பு இருந்தது. ரோட்டில் ஒரு தூசி இல்லை. அவளைக் கலுங்கில் உட்கார வைத்து, நான் கீழே தார்மேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, அந்தக் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். காய்ப்பெல்லாம் இளகிவிட்டிருந்தது. என் தலைக்கு மேலே அவள் அழ ஆரம்பித்தாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, உள்ளங்காலை விரலால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தேன். பஸ் வந்து நின்று, ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது.

வெகுநேரம் கழித்து, "எடுத்தாச்சா டீச்சரே?" என்றாள்.

"இன்னும் இல்லக்கா" என்றேன். "ஆழமாத் தச்சிருக்கு. நீங்க பைய இருங்க."